மூன்று கேமராமேன்கள், ஒரு இழுப்பறை

'பேட்லாண்ட்ஸ்' (1973) டைட்டிலில் ஒளிப்பதிவு என்று மூன்று பேர் வருகிறார்கள். பிரையன் ப்ரோபின், டாக் ஃபுஜிமோட்டோ, ஸ்டெவன் லார்னர். பெரிய பட்ஜெட், மூன்று யூனிட் என்று நினைத்துவிட வேண்டாம். இயக்குனர் டெரன்ஸ் மாலிக்குக்கு அதுதான் முதல் படம். 5 லட்சம் டாலர்கூட இல்லாமல், 1972 கோடையில் கொலராடோவில் படப்பிடிப்பு. ஒருவர் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார்! படத்தில் எங்கே கை மாறியது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

கதை, 1958-ல் நெப்ராஸ்கா பக்கம் 19 வயது சார்லஸ் ஸ்டார்க்வெதர் 14 வயதுப் பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு செய்த கொலைகளைத் தழுவியது. பையனாக மார்ட்டின் ஷீன் (அப்போதே முப்பதைத் தாண்டியவர், நம்ப முடிகிறதா?). பெண்ணாக சிஸ்ஸி ஸ்பேஸெக்.

ஆனால் படத்தின் உண்மையான ஹீரோ கலை இயக்குனர் ஜாக் ஃபிஸ்க்தான். நாயகியின் அறை மேஜை இழுப்பறைகளுக்குள்ளும், கேமராவில் விழாது என்று தெரிந்தே, அந்த வயதுப் பெண் சேர்த்து வைக்கும் சின்னச் சின்ன சாமான்களை நிரப்பி வைத்தார். ஸ்பேஸெக் திறந்து பார்த்து அசந்துபோனார். வெறும் செட் இல்லை, ஒருத்தியின் அறை. 1974-ல் இருவருக்கும் கல்யாணம்.

பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டும் தொப்பிக்காரரை அடுத்த முறை கவனியுங்கள். நடிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. நிற்பது மாலிக்.