பாலத்துக்கு மேலே, பாலத்துக்குக் கீழே

கன்னியாகுமரியில் புறப்பட்டவர்கள், ஒரே சாலையைப் பற்றிக்கொண்டு ஸ்ரீநகர் போய்ச் சேரலாம் என்று சொன்னால் நம் பாட்டனார்கள் நம்பியிருக்க மாட்டார்கள். இன்று அப்படி ஒரு சாலை இருக்கிறது. தனித்தனி எண்களோடு கிடந்த ஏழு பழைய சாலைகளை 2010-ஆம் ஆண்டில் ஒரே சரடாகக் கோத்து, 44-ஆம் எண் தேசீய நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள். நீளம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். நம் தேசத்தில் இதைவிட நீண்ட நெடுஞ்சாலை வேறில்லை.

ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் தம்பதிகளாக இந்தச் சாலையில் முழுதும் பிரயாணம் செய்தோம். எங்களில் ஒருவர் பூகோளம் கற்பிக்கும் வாத்தியார். மற்றவள் வீட்டுக் கணக்கு எழுதும் அம்மாள். வண்டி, பத்து வயதான சிறிய மோட்டார் கார். காலையில் ஒருவர் ஓட்டினால் மாலையில் மற்றவர் ஓட்டுவது என்று ஏற்பாடு.

புறப்படுவதற்கு முன்னால் அம்மாள் ஒரு நிபந்தனை விதித்தாள். "வழியிலுள்ள கோயில்களையும் கோட்டைகளையும் எல்லாம் பார்க்க ஓர் ஆயுசு போதாது. பெரிய ஆறுகள் எல்லாவற்றிலும் இறங்கிக் காலை நனைத்துவிட்டுப் போவோம்" என்றாள். வாத்தியாருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் எல்லா நதிகளுக்கும் ஒரே நீலம்தான். சித்திரையிலும் நீலம், ஐப்பசியிலும் நீலம். அந்த நீலத்துக்கு அடியில் இருப்பது தண்ணீரா, மணலா என்று நேரில் கண்டுவர இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது அல்லவா? ஆகையால் பாலத்தைக் கடந்ததும் சாலையை விட்டு இறங்கி, கிராமத்துப் பாதை பிடித்துக் கரைக்குப் போவோம். அம்மாள் தன் கணக்குப் புத்தகத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு, மணல் என்று கோடு கிழித்து வைத்திருந்தாள்.

எங்கள் ஊர் திருநெல்வேலி. ஆகவே முதல் வரி தாமிரவருணிக்கு உரியதாயிற்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரையில் தமிழ்நாட்டை விட்டு வெளியே அடி வைக்காத நதி அது. கோடையிலும் முழங்காலளவு ஓடிற்று. நகரத்துச் சாக்கடையும் அதில் கலந்தது என்பதைச் சொந்த ஊர் என்பதற்காக மறைப்பதற்கில்லை.

மதுரைக்கு மேற்கே வைகையைக் கடந்தபோது, அழகர் ஆற்றில் இறங்கிப் பத்து நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் திருவிழாவுக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். அதில் மிஞ்சியது மணலில் ஓர் ஈரக் கோடாகத் தெரிந்தது. பரமத்தி வேலூர் அருகே காவிரிப் பாலம் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீண்டு கிடக்கிறது. கீழே தண்ணீர் கணுக்காலளவுதான். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நாங்கள் போனது மே மாதம். 2018-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டுமென்று விதித்த அளவு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வாத்தியார் எடுத்துரைத்தார். "அதில் இது எத்தனையாவது புள்ளி?" என்று கேட்டாள் அம்மாள், பாதத்தைக் காட்டி.

பெங்களூருக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும், கோடிகொண்டா என்னும் இடத்தில் மேற்கே பிரிந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் லேபாக்ஷி. அச்யுத தேவராயர் காலத்தில் விரூபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் எழுப்பிய வீரபத்திரர் ஆலயம் அங்கே இருக்கிறது. தரையில் முழுதும் படியாமல் நிற்கும் தூணின் அடியில் துணியை நுழைத்து இழுப்பதுதான் வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை. எங்களைக் கட்டிப் போட்டவையோ மண்டபத்து விதானத்திலுள்ள ஓவியங்கள். அந்த ஓவியங்களிலுள்ள ஸ்திரீகளின் புடைவைக் கரைகளை அம்மாள் அண்ணாந்து பார்த்துக் கொண்டே நின்றதில் கழுத்து வலி கண்டது. ஊருக்கு வெளியே ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி கம்பீரமாகப் படுத்திருக்கிறது.

அங்கிருந்து அனந்தப்பூர்ச் சீமை. ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழைதான் காணும் பூமி. வீட்டில் கட்டிக் கொண்டு வந்த புளியோதரையைப் பாமிடி அருகே பெண்ணையாற்றங்கரையில் தீர்த்தோம். தெலுங்கர் பென்னா என்று வழங்கும் இந்த நதியில் எங்கு பார்த்தாலும் மணல். ஒரு பெண்மணி மணலில் குழி தோண்டி, ஊறிய நீரைச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மாள் 'மணல்' என்று எழுதிவிட்டு, பிறகு 'அடியில் நீர்' என்றும் சேர்த்தாள்.

கர்நூல், 1953 முதல் 1956 வரை ஆந்திர ராஜ்யத்தின் தலைநகராக இருந்த ஊர். அங்கே துங்கபத்திரையில் நாங்கள் பாறைக்குப் பாறை தாவி நடந்தோம், செருப்புக்கூட நனையவில்லை. இதே நதி 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் ஊருக்குள் புகுந்து வீடுகளையும் கடைகளையும் மூழ்கடித்தது. தென்னாட்டு ஆறுகளின் சுபாவம் இது. அவற்றுக்குத் தாய் மழைதான். மழை வந்தால் பிரளயம், வராவிட்டால் பாறை. கிருஷ்ணையைப் பீச்சுப்பள்ளியிலும், கோதாவரியைச் சோன் கிராமத்தருகிலும், தெலங்காணத்தின் எல்லையான பென்கங்கையையும் கடந்தோம். சோனுக்குச் சற்று முன்னால் போச்சம்பாட்டில் ஸ்ரீராம் சாகர் அணை. 1963-ல் நேரு அடிக்கல் நாட்டியது. கோதாவரியின் நீர் அங்கே தடுக்கப்பட்டு வயல்களுக்குப் போகிறது. பாலத்தடியில் நின்ற எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்.

நாக்பூரில், தேசத்தைச் சர்வே செய்த காலத்தில் தூரங்களைக் கணக்கிட வைத்த 'ஜீரோ மைல்' தூணைப் பார்த்தோம். அதற்கு வடக்கே பேஞ்சு வனத்தின் வழியே சாலை போகிறது. அந்தப் பகுதியில் மிருகங்கள் கீழே நடந்து போவதற்காக, மகாராஷ்டிர எல்லைக்குள் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்களின்மேல் தூக்கி அமைத்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரியது 750 மீட்டர் நீளம். புலிகள் அந்த வழியே போவதை அங்கு வைத்த காமிராக்கள் படம் பிடித்திருக்கின்றன. மேலே லாரி, கீழே புலி. ஒருவரை ஒருவர் அறியாமல் இருவரும் பிரயாணம் செய்கிறார்கள்!

அடுத்தது நர்மதை. மத்தியப் பிரதேசத்தில் நரசிங்கபூரைத் தாண்டி, பர்மான் என்ற இடத்தில் சாலை அதைக் கடக்கிறது. படித்துறையில் இறங்கிய உடனே அம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முழுக்குப் போட்டாள். அந்தக் கோடையில் நாங்கள் முதல் முதல் கண்ட நிறைந்த ஆறு அதுதான்.

அங்கே ஓர் ஆலமரத்தடியில் வயதான தம்பதிகள் இருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் தடி, தோளில் மூட்டை. அம்மாள் பிரசார சபையில் 'ராஷ்ட்ரபாஷா' பரீட்சை தேறியவள், பேச்சுக் கொடுத்தாள். அவர்கள் நர்மதா பரிக்கிரமத்தில் இருப்பவர்கள். 1,312 கிலோமீட்டர் நீளமுள்ள நதியை வலப்புறமாக வைத்துக்கொண்டு ஒரு கரையில் கடல் வரை போய், மறு கரையில் திரும்பி வந்து சுற்றி முடிக்க வேண்டும். பழைய முறைப்படி நடந்தால் மூன்று வருஷம், மூன்று மாதம், பதின்மூன்று நாள். இதில் முக்கியமான விதி, சுற்றி முடிகிற வரையில் நதியைக் குறுக்கே கடக்கக் கூடாது என்பது.

"நீங்கள் இதுவரையில் எத்தனை நதி பார்த்தீர்கள், பேட்டீ?" என்று கேட்டாள் அந்த மூதாட்டி.

"இது ஒன்பதாவது, அம்மா."

"எத்தனை நாளில்?"

"எட்டு நாளில்."

மூதாட்டி சிரித்தாள். "எங்களுக்கு இந்த ஒன்றே இன்னும் முடியவில்லை" என்றாள்.

அதில் பரிகாசம் சிறிதும் இல்லை. எங்களுக்கு இரண்டு ரொட்டிகளையும் கொடுத்தாள். நாங்கள் கடப்பதற்கென்றே வந்தவர்கள்; அவர்கள் கடக்காமலே ஒரு நதியை அறிந்துகொள்கிறவர்கள். எந்தத் துறையில் ஆழம், எந்த ஊர்க் கிணறு உப்பு, எங்கே அணை கட்டியபின் பழைய பாதை மூழ்கியது என்றெல்லாம் அந்தப் பெரியவர் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். தேசப்படத்தில் அந்த நதி ஒரு சாண் நீளம். அன்று மாலை நாங்கள் மேலே போகவில்லை. பக்கத்துச் சத்திரத்திலேயே தங்கிவிட்டோம்.

குவாலியரைத் தாண்டி மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல். மழைநீர் அரித்த செம்மண் கணவாய்களுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. சாபம் பெற்ற நதி என்ற பழைய நம்பிக்கையும், கொள்ளைக்காரர்கள் பயமும் ஜனங்களை நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தன. அதனாலேயே கரியால் என்னும் நீண்ட மூக்கு முதலைகள் அங்கே பிழைத்திருக்கின்றன. அம்மாள், 'இறங்கவில்லை, முதலை' என்று எழுதினாள்.

யமுனையின் கதை வேறு. ஆக்ராவிலிருந்து டில்லி வரையில் சாலை யமுனையைக் கடப்பதே இல்லை. தோழியைப் போல் அதன் மேற்குக் கரையோடு கூடவே போகிறது. தாஜ்மகாலின் பின்புற மேடையில் நின்று பார்த்தபோது, சலவைக்கல்லின் வெண்மைக்குக் கீழே நதி கறுத்துக் கிடந்தது. கோடையில் மலைநீரின் பெரும்பகுதியை டில்லிக்கு வெகு மேலே ஹத்னிகுண்டிலேயே கால்வாய்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள்; மிஞ்சியதை டில்லி குடித்துவிடுகிறது; அதற்குக் கீழே ஓடுவதில் பெரும்பகுதி நகரத்துச் சாக்கடை. இங்கே தண்ணீர் இருந்தது. காலை நனைக்கத்தான் மனம் வரவில்லை.

டில்லிக்கு வடக்கே, மொகலாயர் நாட்டிய 'கோஸ் மினார்' என்னும் தூரக் கம்பங்கள் இன்னும் சாலையோரம் நிற்கின்றன. பாஞ்சாலத்தில் பில்லௌர் அருகே சட்லெஜ் நதியைக் கண்டு திடுக்கிட்டோம். பனிமலையில் பிறந்த ஆறு, மே மாதத்தில் முழங்காலளவுதான்! கரையில் நின்ற விவசாயி ஒருவர் கையை வீசி வயல்களைக் காட்டினார். நீரை ரூபார் தலைமதகிலேயே கால்வாய்க்கு எடுத்துவிட்டார்கள். இரு புறமும் அறுவடையாகித் தாள் மட்டும் நின்ற கோதுமை நிலம். நதி காணாமற் போகவில்லை, களஞ்சியத்துக்குள் போயிருந்தது.

அன்று இரவு ஜலந்தரில் புத்தகத்தைப் புரட்டியபோது ஒன்று தெளிவாயிற்று. வறண்ட ஆறுகள் எல்லாம் ஒன்றல்ல. மழைக்குக் காத்திருக்கும் பெண்ணையின் வறட்சி ஒன்று. வயலுக்குத் தன்னைக் கொடுத்துவிட்ட சட்லெஜின் வறட்சி மற்றொன்று. முதலாவதற்கு ஏரியும் குளமும் வெட்டிப் பொறுமையோடு இருக்க வேண்டும். இரண்டாவதற்கு நன்றி சொல்லி, கணக்காகச் செலவிட வேண்டும். தண்ணீர் இருந்தும் நதி இல்லாத யமுனையின் நிலையோ இரண்டிலும் சேராது. அது மனிதர் உண்டாக்கியது. மனிதர்தான் மாற்ற வேண்டும்.

பியாஸ், ராவி, தாவி மூன்றையும் கடந்து மலை ஏறினோம். 2017-ல் திறந்த செனானி-நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல். வெளியே வந்தால் செனாப், பாகலிஹார் அணையில் தேங்கிக் கிடக்கிறது. அதற்கு மேலே, சாம்பல் நிறப் பனிநீர் பாறைகளில் மோதி இரைந்துகொண்டு வருகிறது. ஒரு விரலை நனைத்ததும் எலும்பு வரையில் குளிர்ந்தது.

பிறகு பனிஹால் மலையை 2021-ல் திறந்த எட்டரைக் கிலோமீட்டர்ச் சுரங்கத்தால் துளைத்துக் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். ஸ்ரீநகருக்கு அவசரப்படாமல் வெரிநாக் போனோம். ஜீலம் நதி பிறக்கும் ஊற்று அது. ஜஹாங்கீர் 1620-ஐ ஒட்டி எட்டுப் பட்டைத் தொட்டி கட்டி அதை அலங்கரித்தார். தம்மை அங்கேயே அடக்கம் செய்ய வேண்டுமென்பது அவர் விருப்பம், அது நிறைவேறவில்லை. நீலமும் பச்சையும் கலந்த நீர், சலனமே இல்லாமல் அடியிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. தேசப்படத்தின் நீலத்தை உண்மையில் நாங்கள் கண்டது அந்த ஓரிடத்தில்தான்.

வாத்தியாரின் வகுப்பில் இப்போது பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஆற்றுக்குப் போய் அளந்து வந்து, பன்னிரண்டு கட்டங்களில் வர்ணம் தீட்டுகிறார்கள். இதற்கு 3,700 கிலோமீட்டர் போகவேண்டியதில்லை. நேயர்களின் ஊருக்கு அருகிலும் ஒரு பாலம் இருக்கும். அடுத்த தடவை அதைக் கடக்கும்போது, வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்றும், இல்லாவிட்டால் எங்கே போயிற்று என்றும் அவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.