வெயிலும் விளையாட்டும்

சுவரிருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஓடியாடி வளரும் உடலே அச்சுவர். ஆயினும், நம் நாட்டு வெயிலில் எப்பொழுது ஓடுவது, எப்பொழுது ஓய்வது என்பதை அறிந்து ஓடுவோர் சிலரே. கிள்ளானில் பல்லாண்டுகள் பள்ளித் திடலில் மாணவருடன் நின்ற ஆசிரியன் என்ற முறையில் சில கருத்துகளை இங்கே எழுத விழைகின்றேன்.

என் பாட்டியார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, இருள் பிரியும் வேளையில் மரத்தில் கத்தி வைப்பார். குளிர்ந்த காலைப்பொழுதில்தான் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். மரத்தின் இயல்பையொட்டி அமைந்த அந்நேர ஒழுங்கு மனிதர் உடலையும் ஓரளவு காத்தது. தலையிலே துணி, முழுக்கைச் சட்டை, தூக்குச்சட்டியில் உப்பிட்ட நீராகாரம் ஆகியவையே அவர் அறிந்த பாதுகாப்பு. வெளிக்காட்டு வேலை செய்தோர்க்கோ அப்பேறும் இல்லை, உச்சிவெயிலிலும் உழைத்தனர்.

பாட்டியாரின் பட்டறிவுக்கு அறிவியலும் சான்று பகர்கின்றது. நம் உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்றவே உடல் வியர்க்கின்றது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். ஆவியாகாமல் வழிந்து தரையில் விழும் வியர்வையால் பயன் மிகச் சிறிதே. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. புழுக்கத்தின் காரணம் இதுவே. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக வகுக்கப்பட்ட வெப்ப அளவீட்டு முறையிலும், வெயிலில் அளக்கும்போது 100க்கு 70 பங்கு ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கே தரப்படுகின்றது. 20 பங்கு வெயிலின் தாக்கத்தைக் காட்டும் கருங்கோளத்திற்கு. காற்றின் வெப்பத்திற்கு எஞ்சிய 10 பங்குதான்!

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியை நான் என்றும் மறப்பதற்கில்லை. பல நிமிட இடைவெளியில் முன்னணியில் இருந்த நியூசிலாந்து வீரர் கிரேய்க் பாரெட், முடிவிடத்தை நெருங்கிய வேளையில் உடல் சோர்ந்து வீழ்ந்தார். நம் நாட்டு வீரர் கோ. சரவணன் தம் நடையைத் தளரவிடாமல் வந்து தங்கப் பதக்கம் வென்றார். நம்மவர் வெற்றியால் என் நெஞ்சு நிமிர்ந்தது. எனினும், வீழ்ந்தவரை எண்ணி வருந்தவும் செய்தேன். பயிற்சியில் தேர்ந்த வீரரையே வெப்பம் வீழ்த்துமெனில், பிஞ்சுக் குழந்தைகள் எம்மாத்திரம்?

இந்த அச்சம் வீணன்று. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தான். அதனையடுத்துக் கல்வி அமைச்சு பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளைச் சில காலம் நிறுத்தி வைத்தது. தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருப்பின், வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கின்றது. அந்த எச்சரிக்கை காற்றின் வெப்பத்தை மட்டுமே கணக்கிடுவது. ஆகவே, எச்சரிக்கை இல்லாத புழுக்க நாளிலும் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

மாணவமணிகளே! குறுக்கோட்டப் பயிற்சியைக் காலையிலோ மாலை வெயில் தணிந்த பின்னரோ செய்யுங்கள். முதல் நாளே முழு வேகத்தில் ஓடாதீர்கள். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரமாகும். தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துங்கள். தலை சுற்றினால் கூசாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோழைத்தனம் அன்று. பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! உடன் இருப்பவர் தள்ளாடினாலோ பிதற்றினாலோ நிழலுக்குக் கொண்டு சென்று, உடலில் நீரூற்றி, விசிறிக்கொண்டே 999 எண்ணுக்கு அழையுங்கள். வெப்பத் தாக்கத்தில் ஒவ்வொரு நிமிடமும் உயிர் காக்கும் நிமிடமே.

வெற்றிக் கோப்பைகள் பள்ளிக்குப் பெருமை சேர்ப்பவை. திடலுக்கு வந்த பிள்ளைகள் அனைவரும் நலமாக வீடு திரும்புவது அதனினும் பெரும் பெருமை.