புல்லட்டுக்கு ஷாக்கப்சர்

பழைய புல்லட்டுக்கு ஷாக்கப்சர் மாத்தணும்னு கடைக்குப் போனா, கடைக்காரர் முதல்ல எடுத்து வைக்கிறது பளபளன்னு இருக்கிறதைத்தான். மஞ்சள் ஸ்பிரிங், பக்கத்துல குழந்தையை இடுப்புல வச்ச மாதிரி ஒரு குட்டி உருளை. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கரிசக்காட்டு ரோட்டுல ரெண்டு பேரா ஏறிப் போற வண்டிக்கு எது வேணும்ங்கிறது வேற கணக்கு. போன மாசம் எங்க வீட்டு வண்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டோம். அதை எழுதுறேன்.

வண்டி 1986 மாடல், 346 சிசி. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. எடை 160 கிலோவுக்கு மேல. பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்று வந்த ஒருத்தர்கிட்ட எங்க அய்யா வாங்குனது. உழவுக்கு உதவாத வண்டின்னு அப்பவே ஊர்ல பேசினாங்க. ஆனா உரமூட்டை, பருத்திவிதை, மோட்டார் காயில், பிரசவத்துக்குப் போன பொண்ணுன்னு அது சுமக்காதது எதுவும் இல்ல.

இந்த வண்டிக்கும் ஷாக்கப்சருக்கும் ஒரு பழைய உறவு இருக்கு. இங்கிலாந்துல 1949-ல வித்த புல்லட்லயே பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும், எண்ணெய் அடைச்ச ரெண்டு ஷாக்கப்சரும் கொடுத்துட்டாங்க. அப்ப ஓடிக்கிட்டிருந்த நிறைய வண்டிகளுக்குப் பின்சக்கரம் சேஸிஸோட இறுகிப்போயிருக்கும், மேடு பள்ளம் எல்லாம் நேரா முதுகுத்தண்டுக்குத்தான். நம்ம ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அதுக்கப்புறம் 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து சென்னையில என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூர்ல வண்டி வர ஆரம்பிச்சது.

ராணுவத்துக்குச் சரி, எங்க ரோடு அதுக்கு மேல. கரிசல் மண்ணு மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கிக் கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். அது மேல போட்ட தார்ரோடு எத்தனை நாளைக்குத் தட்டையா கிடக்கும்? ரெண்டு மழை பார்த்ததும் அலை அலையா நெளிஞ்சிரும். போதாததுக்கு ஊருக்கு ஊர் வேகத்தடை. சாத்தூர்ல இருந்து இருக்கன்குடிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும்.

வீட்டுல அவளுக்கு ரெண்டு வருசமா இடுப்பு வலி. வாரத்துக்கு ஒரு தடவை வைத்தியத்துக்கு சாத்தூர் போகணும். போயிட்டு வந்தா வலி கூடுதே தவிர குறையல. "ஏங்க, வைத்தியம் பார்க்கப் போறதுக்கே ஒரு வைத்தியம் பார்க்கணும் போல இருக்கு. இதைச் சரி பண்ணுங்க, இல்லாட்டி வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்குங்க"ன்னு சொல்லிட்டா. அவ சொன்னதுல நியாயம் இருக்கு. அய்யா வாங்குன வண்டிங்கிறது எனக்குத்தான் பெருசு, அவ இடுப்புக்கு இல்ல.

சென்னையில இருக்கிற அண்ணன் மகன் சேதி தெரிஞ்சதும் போன் பண்ணினான். "சித்தப்பா, கேஸ் ஷாக் போட்ருவோம். நான் வாங்கி அனுப்புறேன், சும்மா மெத்தை மாதிரி இருக்கும்." படமும் அனுப்பினான். விலை சாதா ஜோடியைப் போல மூணு மடங்கு.

மெத்தைங்கிற வார்த்தையிலதான் விசயமே இருக்கு. மெத்தை வேலையைச் செய்யுறது ஸ்பிரிங், ஷாக்கப்சர் இல்ல. எங்க தாத்தா காலத்து வில்வண்டியை நினைச்சுப் பாருங்க. அச்சுக்கு மேல வில்பட்டை இருக்கும். மொட்டை வண்டி மாதிரி குத்தாது, ஆனா ஒரு பள்ளத்துல இறங்கினா நாலு தடவை ஊஞ்சல் ஆடிட்டுத்தான் நிக்கும். காரணம், ஸ்பிரிங் வாங்குன அடியைத் தனக்குள்ள வச்சுக்காது, வாங்குனதைத் திருப்பிக் கொடுத்துரும். அந்தத் திருப்பி உதைக்கிறதை அடக்குறதுக்குத்தான் உள்ள எண்ணெய். தண்டு மேலயும் கீழயும் போறப்ப எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டை வழியாப் பிதுங்கிப் போகணும். அந்தச் சிரமத்துல அடி சூடா மாறிக் காத்துல போயிரும். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், எண்ணெய் ஆட்டத்தை நிறுத்தும். இது ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாத்தான் எது கெட்டிருக்குன்னு தெரியும்.

சாத்தூர்ல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் தம்பி வாங்குறதுக்கு முன்னாடி மூணு விசயம் பார்க்கச் சொன்னான். ஒண்ணு, சீட்டோட பின்பக்கத்தைப் பலமா அமுக்கி விடுறது. ஏறி வந்து அப்படியே அடங்கணும். எங்க வண்டி ரெண்டு மூணு தடவை குதிச்சது. ரெண்டு, தண்டுல எண்ணெய்க் கசிவு. இடது பக்கம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கருப்பு மாவா அப்பியிருந்தது. சீல் போயிருச்சு. மூணாவதை நிறையப் பேர் பார்க்க மாட்டாங்க. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கணும். வீல் பேரிங் நல்லா இருந்தும் ஆட்டம் இருந்தா ஸ்விங் ஆர்ம் புஷ் தேஞ்சிருக்கு. புஷ் தேஞ்ச வண்டிக்கு எந்த ஷாக்கப்சர் போட்டாலும் வளைவுல வால் ஆட்டிக்கிட்டுத்தான் போகும். எங்களுக்கு அதுவும் தேஞ்சிருந்தது.

சரி, எந்த ஜோடி வாங்குறது? ஜோடின்னு சொல்றது வேணும்னேதான். கசிஞ்சது ஒண்ணுன்னாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒரு பக்கம் புது மாடு, ஒரு பக்கம் கிழ மாடு பூட்டினா ஏர் நேராப் போகாது.

கேஸ் ஷாக் பொய்யான சாமான் இல்ல. சாதா ஷாக்கப்சருக்குள்ள எண்ணெயோட காத்தும் இருக்கும். மோசமான ரோட்டுல வேகமா, நிறைய நேரம் ஓட்டினா எண்ணெய் சூடாகிக் காத்தோட கலந்து நுரைச்சிரும். நுரைக்கு அடக்குற பலம் கிடையாது. நைட்ரஜனை அழுத்தத்தோட அடைச்சு வச்சா அந்த நுரை கட்டாது. அந்தக் குட்டி உருளை அதுக்குத்தான், மலிவு சாமான் சிலதுல அது வெறும் அலங்காரம்ங்கிறது வேற விசயம். லடாக்குக்கு ஓட்டுறவனுக்கு இதெல்லாம் வேணும். மணிக்கு 40 கிலோமீட்டர்ல சாத்தூர் போயிட்டுத் திரும்புற எங்களுக்கு எண்ணெய் நுரைக்கிறதுக்கு முன்னாடி வீடு வந்துரும்.

மகன் அனுப்பின படத்துல இருந்த ஜோடியில வேற ஒண்ணும் இருந்தது. அது எங்க வண்டியோடதை விட ஒரு அங்குலம் நீளம். ஷாக்கப்சர் வாங்குறப்ப மேல் போல்ட் ஓட்டை நடுவுல இருந்து கீழ் போல்ட் ஓட்டை நடு வரைக்கும் டேப் வச்சு அளக்கணும். நீளம் கூடினா வண்டி வால் தூக்கி நிக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாது, பஞ்சர் பார்க்கக் கூட முடியாது. செயின் ஓடுற கோணம் மாறும். எல்லாத்துக்கும் மேல பின்சீட்டு உசந்துரும். சேலை கட்டி ஒரு பக்கமா உக்காருற, இடுப்பு வலிக்காரிக்கு அந்த ஒரு அங்குலம் பெரிய ஏத்தம். நீளம் குறைஞ்சாலும் ஆகாது, பள்ளத்துல டயர் போய் மட்காட்டுல உரசும்.

அடுத்து, யாரு உக்காந்து சோதிக்கிறதுங்கிறது. ஓட்டுறவன் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கான். எங்க வண்டியில அவன் சீட்டுக்கு அடியில தனியா ஸ்பிரிங் வேற. பின்னாடி இருக்கிறவங்க பின்சக்கரத்துக்கு நேர் மேல, வெறும் பஞ்சு சீட்டுல. ஒரே பள்ளம்தான், அவங்களுக்கு விழுற அடி வேற. காலையில பட்டாசு ஆலைக்குப் போற வேன்ல எங்க ஊர்ப் பொம்பளைக ஏன் முன்சீட்டுக்கு ஓடுறாங்கன்னு பார்த்தா இது புரியும். கடைசி சீட்டு பின் அச்சுக்கும் பின்னால இருக்கு. ஆள் நிறையாத வேன்ல அங்க உக்காந்தா தலை கூரையில முட்டும். அதே வேன் நிறைஞ்சுட்டா அடங்கிப் போகும். நிறைஞ்ச பாரத்துக்குப் போட்ட வில்பட்டை அது, பாதி பாரத்துக்கு விறைக்கத்தான் செய்யும். ஸ்பிரிங்கை எந்த எடைக்குன்னு கேட்டு வாங்கணும்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதனால மெக்கானிக் தம்பியை ஓட்டச் சொல்லி நான் பின்னால உக்காந்தேன். அவன் சிநேகிதன் வண்டியில கேஸ் ஷாக் இருந்தது. அதுலயும் ஒரு சுத்து போனோம். தனி ஆளா வேகமாப் போறதுக்கு விறைப்பா வச்ச சாமான் அது, வளைவுல அருமையா நின்னது, வேகத்தடையில என் பல்லு கடகடத்தது. கம்பெனி வகை எண்ணெய் ஷாக்கப்சரே போதும்னு முடிவாச்சு. புது புஷ்ஷும் சேர்த்துப் போட்டோம்.

கடைசித் தீர்ப்பு அவளோடது. பின்னால ஏறி உக்காந்து ரயில்வே கேட் வரைக்கும் போயிட்டு வந்தா. "முன்ன மாதிரி உதைக்கல. ஆனா பெரிய தடையில டொக்குன்னு அடியில தட்டுது"ன்னா. மெக்கானிக் தம்பி சிரிச்சுட்டான். "மதினி சரியாப் பிடிச்சுட்டாங்க அண்ணாச்சி"ன்னு கொக்கி ஸ்பேனரை எடுத்தான். ஸ்பிரிங்குக்கு அடியில படிப்படியா வெட்டுன வளையம் இருக்கும், எங்களுதுல அஞ்சு படி. ரெண்டாவதுல இருந்ததை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நாலாவதுக்குத் திருப்பினான். இறுக்கினா கடினமாகுமேன்னு தோணும். ஸ்பிரிங்கோட விறைப்பு இதுல மாறாது. ரெண்டு பேர் எடைக்கு வண்டி முன்கூட்டியே அமுங்கிப் போகாம நிக்கும், பள்ளத்துக்குன்னு இடம் மிச்சம் இருக்கும், அடியில தட்டாது. நான் தனியாப் போற நாள்ல மறுபடி ரெண்டாவது படிக்கு இறக்கிருவேன். ரெண்டு நிமிச வேலை.

மகன் அனுப்புறேன்னு சொன்ன காசுல பாதி கூட ஆகல. "மிச்சத்துக்கு சித்திக்கு ஒரு நல்ல பின்சீட்டு வாங்கிக் கொடு"ன்னேன். வலி முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ரோடு அதே ரோடுதான். ஆனா சாத்தூர் போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கேட்கல. ஸ்கூட்டர் பேச்சும் இப்போதைக்கு எழல.

உங்க ஊர்ல பழைய புல்லட்டோ, ஜாவாவோ, வேற எதுவோ வச்சிருந்தா ஒண்ணு செய்யுங்க. ஷாக்கப்சர் பார்க்கக் கடைக்குப் போறப்ப, பின்னால உக்காருறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. சாவியை இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டு நீங்களும் ஒரு சுத்து பின்சீட்டுல போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் கலர் பார்க்கலாம்.