வால்வில் கோளாறு இல்லை

இதய ஸ்கேன் எடுக்கும் எக்கோ அறையில் முதல் மூன்று மாதம் எனக்குக் கிடைத்த வேலை, நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் கடைசியில் ஜெல்லைத் துடைத்துவிடுவதும்தான். கார்டியாக் டெக்னாலஜி படிப்பில் வால்வுகளை அழகாக வரைந்து மார்க் வாங்கியவள் நான். புரோபைக் கையில் கொடுத்த அன்று திரையில் தெரிந்ததோ மார்கழிப் பனி. விலா எலும்புகளுக்கு நடுவே சரியான சந்து அகப்படவில்லை. "அழுத்தாதே, சாய்ச்சுப் பிடி" என்றார் சீனியர் அக்கா. அந்தச் சாய்ப்பு கைக்குப் பிடிபட இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வை எனக்குப் புரியவைத்தது பாடப்புத்தகம் அல்ல, அக்கா சொன்ன சாமியானா உவமை. வால்வின் இரண்டு இதழ்களும் இரண்டு துணிகள். அவற்றைப் பிடித்திருக்கும் நூல்கள் கயிறுகள். கயிறு கட்டிய முளைகள்தான் இதயச் சுவரிலிருந்து எழும் பாப்பிலரி தசைகள். "முளை அடிச்ச தரை வெளியே தள்ளிப்போனா என்னாகும்? கயிறு துணியை இழுக்கும், ரெண்டு துணியும் நடுவுல சேராது. துணியில ஒரு கிழிசலும் இருக்காது." மாரடைப்பில் வரும் லீக் பெரும்பாலும் இப்படித்தான். வால்வு நன்றாகவே இருக்கும். அடைப்பால் ரத்தம் கிடைக்காத சுவர் அசையாமல் நின்றுவிடும், ரத்தம் பின்னால் ஒழுகும்.

முளைகள் இரண்டும் ஒன்றுபோல அல்ல. முன்பக்கத்து முளைக்கு வழக்கமாக இரண்டு ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தம் வருகிறது. பின்பக்கத்து முளைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். "ஒத்தை வாய்க்கால் பாசனம். வாய்க்கால் அடைச்சா வயல் காயும்." அக்காவுக்கு உவமைப் பஞ்சமே கிடையாது. அதனால்தான் கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று இசிஜி சொன்னால் எங்கள் கண் முதலில் மைட்ரலுக்குப் போகும்.

அப்படி ஓர் இரவு ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். வலி தொடங்கி ஒன்றரை மணி நேரம். ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போகும் அவசரத்தில் ஒரு நிமிட எக்கோ. எக்கோவுக்காக ஆஞ்சியோவைத் தாமதிக்கக் கூடாது என்பது விதி. கீழ்ச்சுவர் அசையவில்லை, லீக் மாடரேட். வலது குழாயில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு நான் தனியாகப் பார்த்தேன். கலர் டாப்ளரில் மெல்லிய ஒரு கீற்றுதான் தெரிந்தது. மைல்ட் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே நின்ற அவர் மனைவியிடம், "அடைப்பை எடுத்ததும் லீக்கும் போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்வது என் வேலையே இல்லை.

மறுநாள் காலை அக்கா பார்த்தார். மாடரேட். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நேத்து பி.பி. என்ன இருந்துச்சு?" எழுதவில்லை. சார்ட்டைப் புரட்டினால் மேல் அளவு 92. காலையில் 138. பி.பி. இறங்கியிருந்தால் ரத்தத்துக்கு முன்வழி சுலபம், பின்னால் ஒழுகுவது குறையும். நான் பார்த்தது தாழ்ந்த பி.பி.யில் தெரிந்த லீக். போதாததற்கு அந்தக் கீற்று மேலறையின் சுவரை ஒட்டி ஓடியிருந்தது. சுவரை ஒட்டி ஓடும் லீக் உள்ளதைவிடச் சின்னதாகவே காட்டும். நான் அதன் பரப்பை மட்டும் பார்த்தேன். ஊற்றுக்கண் எவ்வளவு அகலம் என்று அளக்கவில்லை. "நேத்து போயிடுச்சுன்னீங்களே?" என்று அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பி.பி.யை எழுதாமல் ரிப்போர்ட்டில் கை வைப்பதில்லை.

ஆனால் சிகிச்சை வீண் இல்லை. குழாயைத் திறந்ததும் சுவர் உடனே விழித்துவிடாது. சாகாமல் தப்பிய தசையும் சில நாள், சில வாரம் மரத்துக் கிடக்கும். ஆறு வாரம் கழித்து அவர் வந்தார். பி.பி. 130. கீழ்ச்சுவர் அசைந்தது, முளை தன் இடத்துக்கு வந்திருந்தது, லீக் மைல்ட். இந்த முறை அந்தச் சொல்லை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அதே மாதம் ஒரு விவசாயி. வாயு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுத்து, பதினான்கு மணி நேரம் கழித்து வந்தவர். அவருக்கும் குழாய் நன்றாகவே திறந்தது. ஆஞ்சியோ படத்தில் ரத்தம் தடையின்றி ஓடியது. மூன்று மாதத்தில் சுவர் மெலிந்து இதயம் விரிந்திருந்தது, லீக் கூடியிருந்தது. ஸ்டென்ட் சரிசெய்வது குழாயை மட்டும்தான். அதற்குள் எவ்வளவு தசை போய்விட்டது என்பதே லீக் குறையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இப்போது அவர் இதயச் செயலிழப்பு மருந்துகளில் இருக்கிறார். லீக் குறையாவிட்டால் வால்வில் கிளிப் போடுவதா, அறுவையா என்பதை டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

முளையே அறுந்துபோவது வேறு கதை. அபூர்வம்தான், பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் வரும். திடீர் மூச்சுத்திணறல், நுரையீரலில் நீர். இத்தனை பெரிய லீக்குக்கு ஸ்டெதஸ்கோப்பில் சத்தமே கேட்காமலும் போகலாம். அங்கே ஸ்டென்டுக்கு வேலை இல்லை, சர்ஜனைத்தான் எழுப்ப வேண்டும்.

இந்த எக்கோவின் தொடக்கமும் மைட்ரல்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். எட்லர் தேடியது மைட்ரல் வால்வின் நோயை, நெஞ்சைத் திறக்காமல் கண்டுபிடிக்கும் வழி.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருந்தால், மறுபடி எக்கோ எடுக்கச் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள்.