இரண்டாவது செல்லோ

சித்தூரில் இருந்தவரை எனக்குத் தெரிந்த செல்லோ, வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் கேட்டதுதான். மேலே வயலின் தியாகராஜர் கீர்த்தனையை வாசிக்கும், கீழே வி.ஆர். சேகரின் செல்லோ தாங்கிப் பிடிக்கும். தம்புராவுக்கு வில் கொடுத்த மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். (காமர்ஸ் படித்தவனின் இசை ஞானம் இவ்வளவுதான் :-))

ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட் இங்கே வந்தபிறகு கேட்டது. 1828ல், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு எழுதியிருக்கிறார். அச்சானது 1853ல்! ஐந்து பேர் வாசிக்க மொஸார்ட் இரண்டு வயோலா வைத்தார், இவர் இரண்டு செல்லோ. மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியில் ஒரு செல்லோ அடியில் கம்பியைச் சுண்டிக்கொண்டே இருக்க, அந்த வேலையிலிருந்து தப்பித்த இன்னொன்று நடுக்குரல்களோடு இழைகிறது.

எங்கள் அண்ணாவுக்கு வேலை திருப்பதியில். அம்மாவைத் தனியே விடமுடியாதென்று சித்தூரிலிருந்து தினமும் பஸ், போக எழுபது, வர எழுபது கிலோமீட்டர். அதனால்தான் நான் கிளம்ப முடிந்தது.

போன ஞாயிறு போனில் போட்டுக் காட்டினேன்.

"கீழ டொம் டொம்னு ஒருத்தன் இருக்கானே, அவனுக்குப் பாட்டே கிடையாதாடா?"

உண்டு. முதல் பகுதியில் அடித்தளத்தை வயோலாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு செல்லோவும் சேர்ந்தே பாடுகிற இடம். அதையும் போட்டேன். முடிகிறவரை அண்ணா பேசவில்லை.