பூக்காத செடி

பூக்காமல், காய்க்காமல் கிடக்கும் ஒரு செடிக்குத் தினம் தண்ணீர் சுமக்கிறவளைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மாமியாரைப் பார்த்து நானும் சிரித்தவள்தான்.

வயலை விற்றுவிட்டு எங்களோடு பட்டணத்துக்கு வந்தபோது, அவர் சாமான்களில் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சேறு இருந்தது.

"இது என்ன அத்தை?"

"ஆரைக்கீரை. நம் வரப்போரத்தில் இருந்தது" என்றார். மொட்டை மாடியிலிருந்த பழைய சிமெண்டுத் தொட்டி அதற்கு வீடாயிற்று.

ஒரே காம்பின் நுனியில் நான்கு இலை விரிந்தால் அது ஆரை. மூன்று இலையும் புளிப்பும் இருந்தால் புளியாரை. அது வேறு ஜாதி. கீரை என்று பெயரே தவிர, ஆரை நீரில் வாழும் பெரணி. அதனால்தான் அதன் தளிர் சுருண்டு எழுந்து விரிகிறது. பூவும் விதையும் கிடையாது; காம்படியில் மிளகைவிடச் சிறிய கெட்டிக் கூடுகளில் வித்துத் தூள் இருக்கும். 1753-ல் லின்னேயஸ் இந்த இனத்துக்கு மார்சிலியா என்று பெயர் சூட்டினார். இருட்டியதும் நான்கு இலைகளும் கூப்பிய கைபோல் மூடிக்கொள்ளும். அதைப் பார்க்கவே அத்தை தினமும் மாடி ஏறுவார்.

வளர்ப்பது சுலபம். தொட்டியில் நாலங்குலம் களிமண் போட்டு, கணுவுள்ள தண்டுகளை மேலாகப் பதியுங்கள். மேலே இரண்டங்குலம் தண்ணீர் நின்றால் போதும். ஆழம் அதிகமானால் இலைகள் மிதக்கும். குறைந்தால் நிமிர்ந்து நிற்கும், கிள்ளுவதற்குச் சௌகரியம். நல்ல வெயில் வேண்டும். கொசு முட்டையிடாமல் இருக்காது. ஆகையால் வாரம் ஒரு முறை தண்ணீரை வடித்து மாற்றிவிடுங்கள். சாக்கடை ஓரத்தில் முளைத்ததைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள்; நீரிலுள்ள நஞ்சை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இவ்வளவு தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்! சித்திரை மாதம் அத்தை மகள் வீட்டுக்குப் போனார். "தண்ணீர் மட்டும் மறந்துவிடாதே" என்பதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை. பத்திரிகை வேலையின் அவசரத்தில் அதைத்தான் மறந்தேன். ஒரு நாள் மாடிக்குப் போனால், சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது, இலைகள் வைக்கோலாகியிருந்தன. எனக்குப் பகீரென்றது. திரும்பப் பிடுங்கி வர அந்த வரப்பு ஏது?

குடம் குடமாக ஊற்றினேன். பத்து நாளாகியும் பலனில்லை. கடையில் வேறு வாங்கி நட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் கேட்கவில்லை, டெலிபோனில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சற்று மௌனம். பிறகு, "வயல் வருஷா வருஷம் காயத்தானே செய்யும்? அது அதற்குப் பழகினது. நீ தண்ணீரை விடு" என்றார்.

அந்தக் கெட்டிக் கூடுகள் பல வருஷம் வறண்டு கிடந்தாலும் உயிர் போகாமல் இருக்கும் என்று பிறகு படித்தேன். ஆனால் எங்களைக் காப்பாற்றியது அடிமண்ணில் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்த தண்டு. மேலும் ஒரு வாரம் கழித்து, நத்தைச் சுருள்போல் ஒரு தளிர் தலை காட்டியது. அன்று நான் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம்!

அத்தை திரும்பி வந்ததும் முதல் பிடியைக் கிள்ளி, பாசிப்பருப்போடு நன்றாக வேகவைத்துக் கூட்டு செய்தார். காய்ந்துபோனதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. என் இலையில் மட்டும் ஒரு கரண்டி அதிகம் விழுந்தது.

உங்கள் வீட்டு மாடியிலும் காய்ந்த தொட்டி ஏதாவது கிடக்கிறதா? கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒரு வாரம் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.