நடுவில் வந்த கைகள்

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் மூலப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து, 30 வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். வாரிசுகளில் யாராவது கையெழுத்துப் போடாமல் விட்டுப்போயிருக்கிறாரா என்று துருவுகிறார்கள். வாஸ்து பார்க்க ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளரும் ஒரு நடை வந்து அளந்துவிட்டுப் போகிறார். இவ்வளவும் முடிந்து அட்வான்ஸும் கைமாறிய பிறகுதான் என்னைப் போன்ற கட்டட இன்ஜினியருக்குப் போன் வரும். "சார், வீட்டை ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா இருக்கும்."

வங்கிக்காரர் பார்த்தாயிற்றே என்று கேட்பார்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. இடத்தின் பரப்பு, அரசு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்தின் வயது, இன்னும் இத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரு உத்தேசம். கடன் தவணை முடியும்வரை வீடு நின்றால் அவர் வேலை முடிந்தது. ஏணி போட்டு ஏறி உத்தரத்தைக் குத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பழைய வீட்டின் விலையில் பெரும்பகுதி மனைக்குத்தான் என்பதால், கட்டடம் எப்படி இருந்தாலும் அவர் கணக்கு பெரிதாக மாறாது. வாங்குகிறவர் குடியிருக்கப்போவது கட்டடத்தில்.

நான் அதிகம் பார்ப்பது புதுச்சேரி, கும்பகோணம், காரைக்குடிப் பக்கத்து வீடுகள். மூன்று ஊரிலும் தரகர் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "நூறு வருஷம் நின்ன வீடு சார், இனிமே என்ன ஆகப்போவுது?" நூறு வருஷம் நின்றது உண்மைதான். ஆனால் நின்ற வீடு வேறு, இன்று விற்பனைக்கு வந்திருக்கும் வீடு வேறு. சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்குமாகக் கட்டி முடித்தபோது அதற்கென்று ஒரு கணக்கு இருந்தது. பிறகு ஒருவர் மாடியில் குளியலறை வைத்தார். ஒருவர் நடுச்சுவரை எடுத்து ஹாலைப் பெரிதாக்கினார். இன்னொருவர் ஒழுகுகிறது என்று கூரைமேல் சிமென்ட் போட்டார். பழைய வீட்டை வயது கெடுத்து நான் பார்த்தது குறைவு. கெடுப்பது பெரும்பாலும் நடுவில் வந்த கைகள். அதனால் வீட்டுக்கு என்ன வயது என்று நான் முதலில் கேட்பதில்லை. யார் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்றுதான் கேட்கிறேன்.

சோதனையை மொட்டைமாடியில் தொடங்குவேன். இந்த ஊர்களில் மாடி என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் ஒரு அங்குல கனமுள்ள சிறு செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும் கூரை இது.

இது ஒழுகத் தொடங்கியதும் தட்டோட்டை மாற்றி, விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தால் போதும். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை என்று மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். சில வருஷத்தில் அதுவும் வெடிக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு. 12க்கு 10 அடி அறையின்மேல் 3 அங்குலம் கான்கிரீட் ஏறினால் ஏறக்குறைய 2 டன் கூடுகிறது. அந்தக் கட்டைகள் அந்தச் சுமைக்குப் போட்டவை அல்ல. பக்கத்திலேயே 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். தண்ணீர் மட்டும் ஒரு டன். அதைச் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து வைப்பவர்கள் குறைவு. குழாய் போட வசதியான இடத்தில், அதாவது கட்டையின் நட்டநடுவில் வைத்துவிடுவார்கள். கீழே வந்து அந்த அறையின் விட்டத்துக்கு நூல் பிடித்தால் தொய்வு கண்ணுக்கே தெரியும்.

கைப்பிடிச் சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு அரசங்கன்று இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்க வருகிறவர் அதை வெட்டிவிடுவார். வெட்ட வெட்ட வெளியே கன்றாகவே இருக்கும். சுவருக்குள் வேர் மட்டும் பருத்துக்கொண்டே போகும். அந்தத் துளைக்கு நேர் கீழே உள்ள அறைக்குத்தான் அடுத்துப் போவேன். கட்டையின் முனை அங்கேதான் சுவருக்குள் புதைந்திருக்கிறது. காற்றுப் படாமல், ஈரம் காயாமல், அது முனையிலிருந்துதான் மக்கும். நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். வார்னிஷ் அடித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து, பர்மா தேக்கு என்று மயங்கி விலை பேசியவர்கள் உண்டு.

ஏணியில் ஏறி, சிறு சுத்தியலால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போவேன். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதைப் போலத்தான். கணீரென்று வந்துகொண்டிருந்த ஓசை, சுவருக்கு முக்கால் அடி இருக்கும்போது பொத்தென்று மாறினால் நின்றுவிடுவேன். பிறகு கோணி ஊசி. நல்ல கட்டையில் ஊசி நுனிக்கு மேல் இறங்காது. மக்கியதில் விரல் நீளம் உள்ளே போகும். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வைரம் பாயாத வெளிப்பகுதியையும், இடையில் பழுதுபார்த்தவர்கள் செருகிய வேறு மரத்தையும்தான் அது தேடிப் போகும். வரிசையில் ஒரு கட்டை மட்டும் நிறம் மாறி இருந்தால் முதலில் அதைக் குத்திப் பார்ப்பேன்.

செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சரிவு முற்றத்தை நோக்கி இறங்கும். முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் தகரம் பதித்திருப்பார்கள். கூரையில் விழும் மழையில் பெரும்பங்கு அந்தத் தகரத்தின் வழியாகத்தான் முற்றத்துக்கு வரவேண்டும். தகரம் அரித்தால் அடியில் இருக்கும் மூலைக்கட்டை நனையும். மூலைக்கட்டை போனால் இரண்டு பக்கத்துச் சரிவும் சேர்ந்து இறங்கும். வீடு வருஷம் முழுவதும் பூட்டிக்கிடந்து, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுவதாக இருந்தால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு வீட்டில், விற்கும் பங்காளிகள் எல்லோரும் முகப்பில் நின்று "ஒரு சொட்டு ஒழுகாது" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வயதான ஆச்சியிடம் போய், "மழைக்கு எந்த இடத்துல அண்டா வைப்பீங்க ஆச்சி?" என்று கேட்டேன். "அந்தா, அந்த மூலையில ஒண்ணு. ரெண்டாங்கட்டுல சாமி ரூம் வாசல்ல ஒண்ணு. அது போன வருசந்தான் தம்பி ஆரம்பிச்சுச்சு" என்றார். அறிக்கையின் பாதி அப்போதே எழுதியாயிற்று. வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவரைவிட அந்த வீட்டை அறிந்தவர் யாரும் இல்லை. விற்கிறவரிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேட்பது என் வழக்கம்.

அடுத்து சுவர். விரிசலைப் பார்த்ததும் வாங்குகிறவர் முகம் வெளுத்துவிடும். எல்லா விரிசலும் பயப்படுவதற்கல்ல. நகர்ந்து நின்றுபோனதா, இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். தூசியும் சிலந்தி நூலும் படிந்து, பழைய பெயின்ட் உள்ளே இறங்கியிருந்தால் அது கடைசி வெள்ளைக்கும் முந்தியது. ஓரம் கூர்மையாக, உட்புறம் செங்கல் நிறம் புதிதாகத் தெரிந்தால் இப்போதைய சங்கதி. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறும் விரிசல், மேலே போகப் போக அகன்றால் சுவரின் ஒரு முனை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடினால், மேலே பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம் வெயிலில் நீண்டு சுவரைத் தள்ளியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு வருவேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இதற்குச் சில மாதம் பொறுக்க வேண்டும். கிரைய ஒப்பந்தத்தில் மூன்று மாதக் கெடு போடுவார்களே, அதை இதற்கும் பயன்படுத்தலாம். ஒட்டுச்சுவர் வீடாக இருந்தால் பக்கத்து மனையையும் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே புதுக் கட்டடத்துக்கு ஆழக் குழி தோண்டியிருந்தால் இந்தப் பக்கத்து விரிசலுக்குக் காரணம் அந்தக் குழியாக இருக்கலாம்.

சுவரின் அடிப்பாகம் தனிக் கதை. செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். வெள்ளையடித்த சுவர் முழங்காலுக்குக் கீழே உதிர்வது அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசுவார்கள். வெளியேற வழி இல்லாத ஈரம் சிமென்ட் முடியும் இடத்துக்கு மேலே ஏறி அங்கே உப்புப் பூக்கும். உடனே தோளளவுக்குச் சிமென்ட். ஈரமும் கூடவே ஏறும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். தரையெல்லாம் டைல்ஸ் ஒட்டி, முற்றத்தையும் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் மண்ணின் ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழி இல்லை. வாசலில் நின்று படியையும் பார்ப்பேன். மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருந்தால், தெரு அத்தனை உயர்ந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் கண்டிப்பாகச் சொன்னது. அதற்குள் பல அக்ரகாரங்களின் திண்ணைகள் தெருமட்டத்துக்கு வந்துவிட்டன. ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அந்தப் படியே சொல்லிவிடும்.

நூற்றாண்டு வீட்டில் முதலில் விழக் காத்திருப்பது பெரும்பாலும் அதில் இருக்கும் இளைய பகுதிதான். 70களிலும் 80களிலும் பின்கட்டில் சேர்த்த கான்கிரீட் சமையலறையும் குளியலறையும்தான் அவை. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் மட்டமான மணலும் சேர்ந்து உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். முகப்புத் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும் வாடிக்கையாளரை அப்படியே பின்கட்டுக்கு அழைத்துப் போய், தலைக்கு மேலே பெயர்ந்து தொங்கும் கம்பியைக் காட்டுவேன்.

பராமரிப்பில்லாத பழைய கட்டடம் மழையில் எப்படிப் போகும் என்பதற்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் கடற்கரைச் சாலையில் கட்டப்பட்ட, நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். அரசு செய்யலாம். தனி ஆள் வாங்கிய வீட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே என் யோசனைகள் எளியவை. முன்பணம் கொடுப்பதற்கு முன் சோதனை செய்யுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். தை மாதம் புது வெள்ளையோடு காட்டும் வீட்டில் கறை எதுவும் தெரியாது. பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி இல்லை என்றால் அந்த அறை பார்க்கப்படவில்லை என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். வாங்கலாமா கூடாதா என்று ஒற்றை வரியில் சொல்லும் இன்ஜினியரை நம்பாதீர்கள். எது உடனே, எது ஒரு வருஷத்துக்குள், எது கண்காணிப்பில் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவும் எழுதித் தருபவரே தேவை. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் விலை பேச முடியும். "பழசு" என்று சொன்னால் விற்கிறவர் குறைக்க மாட்டார். "கிழக்கு அறையில் ஆறு கட்டை மாற்ற வேண்டும்" என்றால் உட்கார்ந்து பேசுவார்.

வேண்டாம் என்று நான் சொல்வது இரண்டே இடத்தில். ஒன்று, அடிமண் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, காரணம் அடுத்தவர் மனையில் இருக்கிறது என்னும்போது. மற்றது, முக்கிய உத்தரங்கள் போய்விட்ட பிறகும் கேட்கிற விலை முழுவதும் அந்த மரத்துக்காகத்தான் என்னும்போது.

மற்ற வீடுகளை வாங்கலாம், செலவின் வரிசை தெரிந்தால். முதலில் கூரை, பிறகு தண்ணீர் வெளியேறும் வழி, அடுத்து மரம், அதற்கப்புறம் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கு மெருகு, தூணுக்கு வார்னிஷ், முகப்பில் தொங்கு விளக்கு என்று பணம் தீர்ந்த பிறகு கூரைக்கு வருகிறார்கள். தரை அஞ்சு வருஷம் மங்கலாகக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒழுகும் கூரை அடுத்த ஐப்பசி வரைக்கும்கூடக் காத்திருக்காது.